கயிறும் ஒன்பதாம் நிபந்தனையும்

செயலாளர் சார், அன்று கயிற்றை அவிழ்த்தது நீங்கள். ராணியம்மாவிடம் இஸ்திரி வண்டியை உள்ளே தள்ளச் சொன்னது நீங்கள். சாயங்காலம் என்னை உட்காரவைத்துக் கடிதம் எழுதி வாங்கியதும் நீங்கள். எல்லாம் தெரிந்தே செய்தீர்கள்.

மற்றவர்களுக்கு விவரம் சொல்கிறேன். என் பெயர் தாமோதரன். நந்தனம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறேன். நாற்பது வருஷம் ஜன்னல் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவன். அதில் பாதிக் காலம் ஒரு பாயிடம், மீதி சொந்தமாக. இப்போது ஓய்வு. நானாக விரும்பி எடுத்த ஓய்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதுவதற்குக் காரணம் செல்வம். பன்னிரண்டு வருஷம் என்னோடு கயிற்றில் தொங்கியவன். போன வாரம் போன் பண்ணினான்.

"அண்ணே, நானும் என் மச்சானும் தனியா ஆரம்பிச்சிட்டோம். ரெண்டு அபார்ட்மென்ட் பேசி முடிச்சிட்டேன். இன்ஷூரன்ஸ் பாலிசி கேக்குறாங்கோ. மூணு பேரு கொட்டேஷன் குடுத்துகீறானுங்க. எத்த எடுக்கறது?"

"நீ எத்த எடுக்கலாம்னு இருக்கே?"

"கம்மியா இருக்கறத."

"போடாங்."

"ஏண்ணே திட்ற? உன்ன மாதிரி ஆவக் கூடாதுன்னுதானே கேக்குறேன்."

அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். உடனே மன்னிப்பும் கேட்டான். ஆனால் சரியாகத்தான் சொன்னான். போனிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன், கோபம் வந்து பாதியில் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். செல்வத்துக்கும் பதில் ஆகும், செயலாளருக்கும் பதில் ஆகும்.

நான் தொழில் கற்றது தி. நகரில், காதர் பாயின் கண்ணாடிக் கடையில். அவர் தாத்தா காலத்திலிருந்து கண்ணாடி அறுக்கிற குடும்பம். வீட்டுக்குள் உருது, கடையில் தமிழ். பெரிய கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவரிடம் அந்தக் கடைக்காரர்களே வந்து இதை யார் துடைப்பது என்று கேட்டார்கள். அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது. நான் இரண்டு வருஷம் கீழே வாளி தூக்கினேன், மூன்றாவது வருஷம் மேலே ஏறினேன். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

ஆனால் பாயின் முறைகள் வேறு விஷயம். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எடுக்க விடமாட்டார். கண்ணாடியைக் காய்ந்தபடியே பார்க்க வேண்டும், வீட்டுக்காரர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் பழைய கீறல் மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்பத் தெரியும், அப்போது அது நம் தலையில் விழும். எங்கெங்கே கீறல் என்று ஒரு தாளில் குறித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாளி.

அடுத்தது கயிறு. நாங்கள் தொங்குகிற கயிறு இல்லை, கீழே யாரும் வராமல் தரையில் சுற்றிக் கட்டுகிற கயிறு. கிழிந்த சிவப்புத் துணியை முழத்துக்கு ஒன்றாக முடிந்து வைத்திருப்போம். கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதி தூரம் தள்ளிக் கட்ட வேண்டும். கயிற்றடியில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது. வாளிகூடப் பிடிக்கக் கூடாது. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் மேலே இருக்கிறவன் தரையில் கால் வைத்த பிறகு. பாய் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததே இல்லை. கோபம் வந்தால் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவர் தொப்பி மேஜைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு உனக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம். ஒருமுறை நான் கயிற்றடியை விட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தேன். தொப்பி மேஜையில் இருந்தது. ஒரு வாரம் இருந்தது.

இன்னொரு முறையும் அவருக்கு உண்டு. அதுதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

ஒரு நகைக்கடை முகப்பு. பெயிண்ட் சொட்டு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் போட்டு ஊறவைக்காமல் பிளேடை வைத்து இழுத்தேன். ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. பாய் வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு கை?"

"என் கை பாய்."

"மொதலாளி கிட்ட சொல்ட்டியா?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு..."

"கிழிச்சது நானா? போ நைனா. அவரு கண்ணால பாக்கறதுக்குள்ள உன் வாயால சொல்லு."

போனேன். முதலாளி கத்தினார், நான் தலை குனிந்து நின்றேன். மறுநாள் காலை கடை திறப்பதற்குள் பாய் புதுக் கண்ணாடி போட்டுவிட்டார். அந்த நகைக்கடை பாய் சாகிற வரைக்கும் எங்களை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து எது உடைந்தாலும், எது கீறினாலும் "என் கை" என்று முன்னால் போய் நிற்பது எனக்குப் பழகிவிட்டது. யோசித்துச் செய்வது இல்லை, தும்மல் மாதிரி தானாக வரும்.

பாய் போன பிறகு சொந்தமாக ஆரம்பித்தேன். ஆறு பேர், ஒரு பழைய வேன். மயிலாப்பூர், அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம் எல்லாம் சுற்றினோம். கடற்காற்றில் வரும் உப்பும் போர் தண்ணீர்க் கறையும் இருக்கிற வரைக்கும் எங்களுக்கு வேலை உண்டு. இன்ஷூரன்ஸ் என்று ஒரு வார்த்தையைப் பல வருஷம் யாரும் கேட்கவில்லை. பிறகு எல்லாக் குடியிருப்புச் சங்கமும் கேட்க ஆரம்பித்தது. யாருக்காவது அடிபட்டால் நஷ்ட ஈடு தருகிற பாலிசி இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்றார்கள். நல்லதுதானே. ஆனால் ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை. செக்யூரிட்டி முதல் பக்கத்தின் ஜெராக்ஸை வாங்கி நோட்டில் ஸ்டேப்ளர் அடிப்பார், அத்துடன் சரி. அதனால் எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. ஒருத்தன் பாலிசி எடுப்பான், நாலு பேர் அதன் முதல் பக்கத்தில் பெயரை வெள்ளை மையால் அழித்து, தங்கள் பெயரை எழுதி ஜெராக்ஸ் போட்டுக்கொள்வார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். என்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை.

அந்த ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான், செயலாளர் சார். அதற்காக அன்று உங்களைக் கும்பிட்டேன். உங்கள் குடியிருப்பு ஐந்து மாடி, கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. "இது உன் பாலிசி இல்ல தாமு. எழுத்து வேற மாதிரி இருக்கு பாரு," என்றீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், இவர் சர்வீஸ் முழுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு எடத்துல கொட்டேஷன் வாங்கிட்டு வா. நானே பாத்துச் சொல்றேன்."

வாங்கிக்கொண்டு போனேன். சங்க ஆபீஸ் அறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கூரான பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டுப் படித்தார். அப்படி ஒரு மனிதன் எனக்காகப் படித்தது அதுதான் முதல் முறை.

முதலாவது மலிவு. அதைத் தள்ளிவிட்டார். "இதுல தொழில்ங்கற எடத்துல வீடு சுத்தம் பண்றதுன்னு போட்டிருக்கான். இது தரை துடைக்கறவனுக்கு. நீ தொங்கறவன். ஏணிக்கு மேல எது நடந்தாலும் இவன் தரமாட்டான்."

இரண்டாவதைப் பார்த்தார். "இது உன் ஆளு விழுந்தா. கீழ நடந்து போறவன் மேல உன் சாமான் விழுந்தா இது வராது. ரெண்டும் வேற வேற. ரெண்டும் வேணும் உனக்கு."

மூன்றாவது வெளியாளுக்கு அடிபட்டால் தருகிறது, உயரமும் சேர்த்து. அதைத் திருப்பிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் சிரித்தார். "நீ துடைக்கற கண்ணாடியே உடைஞ்சா இதுல கிடையாது."

"அப்ப எதுக்கு சார் இது? நான் தொடற ஒரே பொருள் கண்ணாடிதானே?"

"கண்ணாடிய நீ பாத்துக்கோ. மனுஷன கம்பெனி பாத்துக்கும்."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பக்கங்களில் நிபந்தனைகள் இருந்தன. எல்லாம் பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். ஒன்பதாவது நிபந்தனைக்கு அடியில் பென்சில் மெதுவாக நகர்ந்து இரண்டு கோடு போட்டது. மற்றதற்கெல்லாம் ஒரு கோடுதான்.

"அது இன்னா சார்?"

"இது கோர்ட்டுக்குப் போற பெரிய கம்பெனிங்களுக்கு. உனக்குத் தேவைப்படாது. விடு."

விட்டேன். அந்த மூன்றாவதை எடுத்தேன், என் ஆட்களுக்குத் தனியாக இன்னொன்றும் எடுத்தேன். அவர் பென்சில் போட்ட தாள்களை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்தேன். நாலு வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்தேனே தவிர, அதைத் திறக்கவே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த வாரம். அதே குடியிருப்பு. ராணியம்மா அங்கே காம்பவுண்டுக்குள் பாதாம் மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அந்தக் குடியிருப்பில் அவர் கை படாத சட்டை கிடையாது. காலையில் கயிறு கட்டும்போது அவரிடம் போனேன்.

"ராணி, வண்டிய கேட்டாண்ட தள்ளிக்கோ. மேல வேலை கீது."

"எத்தினி நேரம்ணே? கரி போட்டுட்டேன், சூடு ஏறிக்கினு கீது."

"சாப்பாட்டு நேரம் வரிக்கும்."

"நல்லா கீது நாயம். உன் கண்ணாடி பளபளன்னு ஆவறதுக்கு என் மூஞ்சி வெயில்ல கருகணுமா?"

திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார். நான் அவர் பின்னாலேயே போய்க் கயிற்றைக் கட்டினேன். செல்வம் நாலாவது மாடியில் தொங்கினான். அன்றைக்குக் கயிற்று ஆள் நான்தான். வயது ஆகிவிட்டது, மேலே ஏறுவதை விட்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து செயலாளர் கூப்பிட்டார். "தாமு, ஒரு நிமிஷம் மேல வா. கிச்சன் வென்டிலேட்டர் கண்ணாடி ஆடுது. பாத்துச் சொல்லு."

"கயித்தாண்ட நான் நிக்கணும் சார்."

"ஒரு நிமிஷம்பா. அதுக்குள்ள யாரு வரப்போறா?"

போனேன். இது என் தப்பு. இதை யாரும் என்மேல் சுமத்த வேண்டாம், நானே சொல்கிறேன். பாய் இருந்திருந்தால் தொப்பியை எடுத்து மேஜையில் வைத்திருப்பார், பிறகு திரும்பப் போட்டிருக்கவே மாட்டார்.

வீட்டுக்குள் என்னை விட்டுவிட்டு, "நீ பாத்துக்கிட்டிரு, நான் பேங்க் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்," என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். நான் ஸ்டூல் மேல் ஏறினேன். அந்த வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தால் பார்க்கிங் தெரியும், மரம் தெரியும், கேட் தெரியும். அவர் கார் என் கயிற்றுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இறங்கினார். நான் போட்ட முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை ஓரமாகப் போட்டார். காரை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். அங்கே ராணியின் வண்டி வழியில் நின்றது. கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார், கையை மரத்துப் பக்கம் நீட்டினார். என்ன சொன்னார் என்று ராணி பிறகு என்னிடம் சொன்னார்: "வேலை முடிஞ்சுடுச்சு, வண்டிய உள்ள எடுத்துக்கோ."

ராணி வண்டியை மரத்தடிக்குத் தள்ள ஆரம்பித்தார். நான் வென்டிலேட்டரில் வாயை வைத்துக் கத்தினேன். பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து குதித்துப் படியில் ஓடினேன்.

செல்வத்தின் கம்பு இரண்டு துண்டாக நீட்டுகிற அலுமினியக் கம்பு. கீழ்த் துண்டை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான், அது அவன் கையிலேயே தொங்கியது. நடுவில் இருந்த பிடி கழன்று, வைப்பரோடு மேல் துண்டு மட்டும் விழுந்தது. இந்த மாதிரி என்றைக்காவது ஒருநாள் நடக்கும் என்பதற்காகத்தான் கீழே கயிறு கட்டுகிறோம்.

நான் கீழே வந்தபோது ராணி வண்டிமேல் சாய்ந்து கிடந்தார். வலது தோள் இறங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டி அவர் கைமேல் சாய்ந்து, பிறகு துணிமேல் விழுந்திருந்தது. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, துணி எரியுது. எடு. குடுத்த அம்மா கல்யாணத்துக்கு கட்டிக்கினு போவணும்."

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். தோள் எலும்பு நொறுங்கிவிட்டது என்றார்கள். கை வெந்திருந்தது. ராணியின் மகள் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஓடி வந்தாள். வார்டில் எல்லார் முன்னாலும் அவளைக் கும்பிட்டு, "என் கைம்மா, என் கை," என்றேன். செல்வம் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அதே சங்க ஆபீஸ் அறை. அதே பென்சில் மேஜையில் இருந்தது. காபி கொடுத்தார்.

"கவலப்படாத. பாலிசி இருக்கு. நான் சொல்றத எழுது."

எழுதினேன். "பாதுகாப்புக் கயிறு கட்டாமல் வேலை செய்தேன்" என்று அவர் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"சார், கயிறு கட்டினேனே. நீங்கதான் அவுத்..."

"தாமு." மெதுவாகத்தான் சொன்னார். "கட்டினேன், அவுந்துடுச்சுன்னு எழுதினா யாரு அவுத்தான்னு கேப்பான். விசாரணை, போலீஸ், வருஷக்கணக்கா இழுக்கும். அந்தம்மாக்கு எப்ப ஆபரேஷன்? நாளன்னிக்கா? உன் தப்புன்னு தெளிவா எழுதிக் குடு, கம்பெனி உடனே குடுத்துடும். பொறுப்பு இருந்தாத்தான பொறுப்புக்குப் பணம்? நான் இதுலயே ஊறினவன்."

கேட்பதற்கு நியாயமாக இருந்தது. என் தப்பு என்றால்தானே என் பாலிசி கொடுக்கும்? கயிற்றடியை விட்டுப் போனவன் நான் என்பதும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. "நடந்ததற்கு முழுப் பொறுப்பும் நானே. சங்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, படித்துவிட்டுத்தான் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. காபி கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். என் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நான் பெருமையாக அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, இத யாரு எழுதச் சொன்னது?"

சொன்னேன். பாலிசியைக் கேட்டார். பிளாஸ்டிக் கவரோடு கொடுத்தேன். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் ஒன்பதாவது நிபந்தனையில் விரலை வைத்தார்.

"கோடு போட்டு வெச்சிருக்கீங்களே, ரெண்டு கோடு. படிச்சிருக்கீங்கதானே?"

"நான் போடலம்மா. அவரு போட்டது. அதுல இன்னாம்மா எழுதிகீது?"

தமிழில் சொன்னார். கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல், பாலிசி எடுத்தவர் தவறு தன்னுடையது என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது. பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. மீறினால் கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை. போதாததற்குக் கயிறு கட்டவில்லை என்றும் என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது இன்னொரு நிபந்தனையை உடைக்கிறது.

நான் எழுந்தே விட்டேன். "அடிபட்டவங்க கிட்ட மன்னிப்பு கேக்கறது குத்தமாம்மா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம். கூடவே இருந்து பாத்துக்கலாம். என்ன நடந்துச்சோ அத அப்படியே யார்கிட்ட வேணாலும் சொல்லலாம். தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா இத அன்னிக்கே சொல்லியிருப்போம்."

கம்பெனி மறுத்துவிட்டது. அந்தக் கம்பெனியையும் நான் நல்லவர்கள் என்று சொல்லமாட்டேன். உண்மை பேசினால் பணம் இல்லை என்பதைப் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒன்பதாவதாக எழுதிவைத்து, அதை என்னைப் போன்ற ஆளிடம் விற்கிறார்கள். விற்றவன் ஒருவனாவது வாயால் சொன்னானா? ஆனால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. செயலாளருக்குத் தெரியும். ஒன்பதாவது நிபந்தனைக்கு அடியில் இரண்டு கோடு போட்ட கைதான் அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது. வேலையில் இருந்த காலத்தில் இதே நிபந்தனையைக் காட்டி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வேனை விற்றேன், கம்புகளை விற்றேன், முதல் ஆபரேஷனைப் பார்த்துக்கொண்டேன். தொழில் அத்துடன் முடிந்தது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, கயிற்றடியை விட்டவன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். ஆனால் ராணியின் தோள் சேரவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் கையைத் தூக்க முடியும் என்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியை இடது கையால் தூக்கிப் பார்த்தார், இரண்டு நாளில் விட்டுவிட்டார். வண்டி தார்ப்பாய் மூடி மரத்தடியில் நிற்கிறது. அதையும் எடுக்கச் சொல்லி சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

ராணியின் மகள் ஒரு வக்கீலைப் பிடித்து எனக்கும் சங்கத்துக்கும் நோட்டீஸ் அனுப்பினாள். சங்கத்துக்குத் தனியாக ஒரு பாலிசி இருக்கிறது, பெரிய பாலிசி. கொட்டேஷன் பார்த்த அன்று செயலாளரே என்னிடம் பெருமையாகக் காட்டினார். சங்கத்தின் ஆள் கயிற்றை அவிழ்த்தார் என்று தெரிந்தால் அந்தப் பாலிசி ராணிக்குக் கொடுக்க வேண்டி வரும். சங்கம் என்ன பதில் அனுப்பியது தெரியுமா? என் கடிதத்தின் நகலை அனுப்பியது. சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பார், அவரே எழுதியிருக்கிறார். இதற்காகத்தான் அந்தக் கடிதம். இதற்காகத்தான் காபி.

நேராகப் போய்க் கேட்டேன். சாயங்காலம் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கூடவே நடந்தேன்.

"சார், நீங்க அவுத்தீங்க. நான் மேலருந்து பாத்தேன். உங்க வீட்டு வென்டிலேட்டர்லருந்து பாத்தேன். ராணிக்கோசரம் ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

நின்றார். சுற்றிலும் பார்த்தார். பிறகு, வகுப்பு எடுப்பவர் போலச் சொன்னார்: "தாமு, நான் இதப் பத்திப் பேசவே கூடாது. எங்க பாலிசிலயும் அந்த நிபந்தனை இருக்கு. நான் வாயத் திறந்தா எங்களுக்குக் கிடைக்காம போயிடும்."

பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று என்னிடம் சொன்ன அதே நிபந்தனை. எனக்குத் தேவைப்படாது என்று விடச் சொன்னது அவருக்குத் தேவைப்பட்டது. அன்று அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ராணி வழக்கு கெட்டுப்போகும் என்று கையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தச் சட்டையும் ராணி தேய்த்துக் கொடுத்த காலத்துச் சட்டையாகத்தான் இருக்கும்.

செல்வம், உனக்கு இதுதான் பதில். மலிவைப் பார்க்காதே. பாலிசியைக் கடைசிப் பக்கத்திலிருந்து படி, படிக்கத் தெரியவில்லை என்றால் விற்கிறவனை உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொல், சொல்வதைப் போனில் பதிவு பண்ணு. எத்தனை மாடி வரைக்கும் என்று கேள். கீழே போகிறவனுக்கு உண்டா, உன் மச்சான் விழுந்தால் உண்டா, துடைக்கிற கண்ணாடிக்கு உண்டா என்று தனித்தனியாகக் கேள். கண்ணாடிக்கு இல்லை என்றால் அதைக் கூடுதலாகச் சேர்க்க வழியுண்டா என்றும் கேள். கயிறு கட்டியதும் போட்டோ எடு. கயிற்றடியில் நிற்கிறவனிடம், எந்தச் செயலாளர் கூப்பிட்டாலும் போகாதே என்று சொல்லிவை. அடிபட்டவரை நீயே தூக்கிக்கொண்டு ஓடு, அதை எந்த நிபந்தனையும் தடுக்காது. கம்பெனிக்கு அன்றைக்கே சொல். உனக்குக் காபி கொடுத்து எழுதச் சொல்கிறவன் எதிரில் பேனாவைத் தொடாதே.

போனில் நீ கேட்டாய், அப்ப பாய் சொன்னது தப்பா அண்ணே என்று. தப்பில்லை. பாய் "யாரு கை?" என்று கேட்டது கைக்கு உரியவனிடம். இன்னொருத்தன் கை செய்ததையும் சேர்த்து என் கை என்று எழுதிக் கொடு என்று அவர் சொன்னதில்லை. அந்த வித்தியாசம் தெரிய எனக்கு ராணியின் தோள் தேவைப்பட்டது.

இனி உங்களுக்கு, செயலாளர் சார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கத்தின் பொதுக்குழு, பார்க்கிங்கில் நாற்காலி போட்டு, அதே மரத்துப் பக்கத்தில். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். தப்பு உங்களுடையது என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒன்பதாம் நிபந்தனையை நீங்கள் மீறவே வேண்டாம். என் பங்குக்கு நான் இங்கே எழுதிவிட்டேன், கயிற்றடியை விட்டு நான் போனேன் என்று. நடந்ததை நடந்தபடி யாரும் சொல்லலாம், எந்தப் பாலிசியும் அதைத் தடுப்பதில்லை. இதை உங்கள் தொழிலில் இருக்கிற பெண்ணே என்னிடம் சொன்னார்.

ராணியம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன். முதல் வரிசையில் உட்காரவைப்பேன். அவரால் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க முடியாது. அதனால் இப்போதே, எல்லாரும் படிக்கிற இடத்தில், அவருக்காக நான் கேட்டுவைக்கிறேன். மைக்கைப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: நான் கட்டிய கயிற்றை அவிழ்த்தது யார்?